தோய்க்காத சேட்டும் இரண்டு எருமைகளும்

மிருக வைத்தியத்தில் உள்ள பெரிய கரைச்சல் இதுதான்: நோயாளி வாய் திறக்காது, கூட்டிவந்தவர் வாய் மூடமாட்டார். வங்கியிலும் தபால் கந்தோரிலும் பாடசாலையிலும் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து கதை கேட்கிற உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. உங்களிடம் வருகிறவர்களும் முதலில் வேறொரு கதையைத்தான் சொல்வார்கள்.

திருகோணமலை டவுனில் ஒரு சின்னக் கிளினிக் வைத்திருக்கிறேன். காலையில் நாய், பூனை, கோழி. பின்னேரம் ஸ்கூட்டரில் ஏறி, மாடும் எருமையும் ஆடும் இருக்கிற பக்கம். உதவிக்கு ஜெயந்தி இருக்கிறாள். என்னைவிட மூத்தவள், மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். நான் முன்கோபக்காரி என்று வருகிறவர்களுக்கு வாசலிலேயே சொல்லி வைப்பதும் அவளுடைய வேலை. கோபம் எனக்கு மனிதர்களோடுதான். மிருகங்களிடம் எனக்கு இருப்பது ஒரே ஒரு கேள்வி: இது ஏன் இப்படிச் செய்கிறது? நோய் என்று என்னிடம் வருவதில் பல நோயே இல்லை. உடம்புக்குள் ஏதோ ஒரு சுரப்பு கூடும், அல்லது குறையும். வெளியே குணம் மாறும். கூட்டி வருகிறவர்கள் அதைக் கண்ணூறு என்பார்கள், விசர் என்பார்கள், அடுத்த வீட்டுக்காரன் வைத்த நஞ்சு என்பார்கள்.

அடை கிடந்த உருளைக்கிழங்கு

கணித ஆசிரியர் ஒருவர் காட்போட் பெட்டிக்குள் கோழியோடு வந்தார். "கோழிக்கு விசர் பிடிச்சிட்டுது டொக்டர்" என்றார். குசினிக் கூடைக்குள் இருந்த உருளைக்கிழங்கின் மேல் ஏறி இருக்கிறதாம். தீன் எடுப்பதில்லை, கிட்டப் போனால் கொத்துகிறது. கோழியைத் தூக்கி வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். இறகு உதிர்ந்து, தோல் கொதித்துக்கொண்டிருந்தது. விசர் இல்லை, அடைக்கு வந்திருக்கிறது. முட்டை கிடைக்கவில்லை, கிழங்கு கிடைத்திருக்கிறது.

அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. தம்பியின் பண்ணையில் உள்ள கோழிகள் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லையே என்றார். நல்ல கேள்வி. பண்ணைக் கோழி முட்டை இடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கப்பட்டது. அடை கிடக்கிற ஆசை அதன் உடம்பைவிட்டே போய்விட்டது. நாட்டுக்கோழி கொஞ்சம் முட்டை இட்டு நிறுத்தும், பிறகு தாயாகும். இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்ய அந்த உடம்பால் ஏலாது. வயிற்றில் உருண்டையாக ஏதாவது பட்டுக்கொண்டிருக்கும் வரை அந்தச் சுரப்பும் ஓயாது. வயிறு குளிர்ந்தால் ஆசை தணியும். வைக்கோல் இல்லாத கம்பிக் கூட்டில், கீழே காற்று வருகிற மாதிரி வையுங்கள் என்று அனுப்பினேன். அடுத்த கிழமை சந்தையில் கண்டபோது சொன்னார்: "கோழி எழும்பீட்டுது டொக்டர். ஆனா அந்த உருளைக்கிழங்கைக் கறி வைக்க மனிசி விடுறா இல்லை. ஒரு தாய் இருந்து பாத்த சாமானாம்."

ஹாஜரா கேட்ட ஊசி

குறிஞ்சாக்கேணியிலிருந்து ஹாஜரா ராத்தா போனில் கோல் எடுத்தார். அவருடைய கணவர் சலீம் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, டவுன் ஆஸ்பத்திரியில் காலில் பாரம் கட்டிக் கிடக்கிறார். வீட்டில் பால் எருமை இரண்டு. அந்தத் தயிர்தான் குடும்பத்தின் சோறு. சலீம் இல்லாத முதல் நாளிலிருந்தே இரண்டும் பாலை ஒளிக்கின்றன. நான் போனபோது ராத்தா குளித்து, பவுடர் பூசி, வெளுத்த உடுப்போடு மடியடியில் குந்தியிருந்தார். மடி இறுகி நிறைந்திருந்தது. காம்பை எவ்வளவு இழுத்தும் ஒரு துளி இல்லை. மூத்த எருமை, பெரியவள் என்று பெயர், கண்ணை உருட்டி அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

பால் மடியில் இருப்பது வேறு, இறங்குவது வேறு. மூளைக்கு அடியில் இருக்கிற சின்னச் சுரப்பி ஒன்று உத்தரவு கொடுத்தால்தான் பால் காம்புக்கு வரும். கன்று முட்டினால் உத்தரவு வரும். பயம் வந்தால் நிற்கும். இந்த இரண்டின் கன்றுகளும் புழுவால் செத்துப்போனவை. அதற்குப் பிறகு கன்றின் இடத்தில் இருந்தது சலீமின் கையும் குரலும் வாடையும்தான். மடி கறக்காமல் கிடந்தால் கெதியாக வற்றிவிடும். எருமை எல்லாவற்றிலும் ஆறுதலான, அவசரமில்லாத பிராணி. பத்து மாதத்துக்கு மேல் சுமக்கும், காளை தேடுகிற காலத்தையும் வெளியே காட்டாது. இப்போது வற்றினால் அடுத்த பாலுக்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுமோ தெரியாது. இறைச்சிக்கு மாடு பிடிக்கிற தரகர் அதற்குள் வேலியோரம் வந்து நின்று சுகம் விசாரித்துவிட்டுப் போயிருந்தார்.

ராத்தாவைப் பயமுறுத்தியது அது மட்டுமில்லை. சலீம் ஆஸ்பத்திரியில் கிடந்தபடி ஒவ்வொரு நாளும் கோலில் கேட்பது ஒன்றைத்தான்: "பால் எப்பிடி?" ராத்தாவும் ஒவ்வொரு நாளும் "நல்லா இரிக்கி" என்று சொல்லி வந்தார். எருமை இரண்டும் போய்விட்டால் அந்த மனிதர் கட்டிலைவிட்டு எழும்பவே மாட்டார் என்று சொல்லும்போது அவருடைய குரல் உடைந்தது. பால் இறங்குவதற்கு ஊசி இருக்கிறது. அன்றைக்குப் போட்டேன், மடி இளகியது. ஆனால் அதையே நாளும் போட்டால் எருமை பிறகு ஊசியைத்தான் எதிர்பார்த்து நிற்கும், ஒரு சில நாளைக்குத்தான் போடலாம் என்றேன். ராத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்ப பால் வாற ஊசி வேணாம் மிஸ். அதுக்கு என்னப் புடிக்கிற மாதிரி ஒரு ஊசி இரிந்தாப் போடுங்க."

கப்பல்துறை நாயின் தலகணி

அந்த ஊசியைப் பற்றி நான் யோசித்துக்கொண்டிருந்த அடுத்த நாள் காலையில்தான் தவராசா இரண்டாந்தரம் வந்தார். சீனன்குடாவில் வேலை, கப்பல்துறையில் வீடு. அவருடைய நாய் டைகர் சில கிழமைக்கு முன் சாப்பாட்டை விட்டுப் படுத்துவிட்டது. அப்போது இரத்தம் பார்த்தேன், வயிற்றை அமுக்கிப் பார்த்தேன், பல்லைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வீட்டில் ஏதாவது மாற்றமா என்று கேட்டேன். இல்லை என்றார். கூட வந்த மனைவிதான் மெல்லச் சொன்னா, மகள் கலியாணம் கட்டி மட்டக்களப்புக்குப் போய்விட்டாளாம். அதைத் தகப்பன் மாற்றமாக எடுக்கவில்லை!

நாய்க்கு உலகம் மூக்கில் இருக்கிறது. பிள்ளையின் முகம் அதற்குப் பெரிய விசயமில்லை, வாடை வேண்டும். வாடை போனதும் அதன் உடம்பு பதறுகிறது, பதறுகிற உடம்புக்குப் பசி எடுக்காது. மகள் படுத்த தலகணி உறையைச் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அன்று இரவே சாப்பிட்டது. இப்போது திரும்பவும் வந்து நின்ற தவராசா, மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "தலகணி உறை ஊத்தையா இருக்கெண்டு இவ நேற்றுத் தோய்ச்சுப் போட்டா டொக்டர். மகள் ரெண்டாந்தரமும் வீட்டைவிட்டுப் போன மாதிரி நாய் படுத்திட்டுது."

பூச்சி உருண்டை வாசம்

தவராசா படி இறங்க முன்னமே நான் ஹாஜரா ராத்தாவுக்குக் கோல் எடுத்தேன். பின்னேரம் பாலத்தைத் தாண்டிக் குறிஞ்சாக்கேணிக்குப் போய்ச் சேர்ந்து, "சலீம் நானா உடுத்துக் கழற்றின சேட்டு ஒன்று எடுங்கோ. எவ்வளவு ஊத்தையோ அவ்வளவு நல்லது" என்றேன். ராத்தா என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. அலுமாரியைத் திறந்து காட்டினார். இடுப்பில் கட்டுகிற சாரமும் சேட்டும் அடுக்கடுக்காக, இஸ்திரி போட்டு, பூச்சி உருண்டை வாசத்தோடு இருந்தன.

சலீம் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கே ராத்தா வீட்டில் இருந்த அத்தனையையும் தோய்த்திருக்கிறார். சேட்டு, சாரம், தலையில் கட்டுகிற துவாய், அவர் குந்தியிருந்து கறக்கிற சாக்கு, எருமை கட்டுகிற கயிறு எல்லாம்! கொட்டிலில் சலீமின் வாடை என்று சொல்ல ஒரு நூல்கூட மிஞ்சவில்லை. எருமைகளுக்கு அன்றைக்கே எஜமான் மௌத்தாகிவிட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாக்கை யாராவது தோய்ப்பார்களா என்று சத்தம் போட்டேன். ராத்தா குரலை உயர்த்தவில்லை. அலுமாரிக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "ஊட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள ஊத்தைய அடுக்கி வெச்சிக்கிட்டு இரிக்கிற பொம்புள எங்கட ஊருல இல்ல மிஸ்."

மான் மறித்த வழி

ஒரே ஒரு சேட்டு மிஞ்சியிருந்தது. விழுந்த அன்று சலீம் போட்டிருந்தது. கறந்த கையோடு புறப்பட்டவர். அதைக் கழற்றிப் பையில் கட்டி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் வைத்ததாக ராத்தாவுக்கு நினைவு. அடுத்த நாள் நோயாளர் பார்க்கிற நேரத்துக்கு ஜெயந்தியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். கோட்டைப் பக்கத்து வீதியில் எங்களை மறித்தது ஒரு மான். டவுனில் மான் திரிவது உங்களுக்குப் புதினமில்லை. ஆனால் இது வழக்கமாகக் கடைக்காரர் கையிலிருந்து வாழைப்பழத் தோல் வாங்கித் தின்கிற கலைமான். இன்றைக்கு ஓட்டோ ஒன்றின் கண்ணாடியை முட்டிக்கொண்டு நின்றது. ஓட்டோக்காரர் மதிலில் ஏறி நின்றார்.

நேரம் போகிறதே என்ற பதற்றத்திலும் எனக்கு அதைப் பார்க்க ஆசையாக இருந்தது. கொம்பு முளைக்கிற காலத்தில் அதன் மேல் மெத்தென்று ஒரு தோல் இருக்கும், தொட்டால் நோகும். அப்போது மான் சாது. பிறகு ஆண் சுரப்பு ஏறும், தோல் உரிந்து கொம்பு இறுகும், கண்ணாடியில் தெரிகிற தன்னையே எதிரியாக நினைத்துச் சண்டைக்குப் போகும். சுரப்பு இறங்கினால் கொம்பு தானாக விழும், மான் பழையபடி வாழைப்பழத் தோலுக்கு வரும். கெட்ட மானும் இல்லை, நல்ல மானும் இல்லை, எல்லாம் காலம்தான் என்று ஜெயந்திக்கு விளங்கப்படுத்திக்கொண்டே, மதிலில் நின்றவரை "கண்ணாடிய மூடாம அங்க நிண்டு என்ன பாக்கிறீர்?" என்று ஏசினேன். அவர் தோளில் கிடந்த சாரத்தை எறிந்து கண்ணாடியை மூடினார், மான் விலகியது. ஸ்கூட்டர் நகர்ந்த பிறகு காதுக்குப் பின்னால் ஜெயந்தியின் குரல் கேட்டது: "மானுக்குக் கொம்பு விழும் எண்டாவது ஒரு நம்பிக்கை இருக்கு மிஸ்."

கட்டிலுக்கு அடியில் ஒரு பை

சேட்டு இருந்தது. தாதி இரண்டு தரம் எறியப் பார்த்தாவாம், சலீம் விடவில்லை. ஏனென்று கேட்டதற்கு, "சும்மா" என்றார். பையின் முடிச்சை அவிழ்த்தேன். பால், சாணம், வியர்வை, பீடி, காய்ந்த இரத்தம் எல்லாம் சேர்ந்து எழும்பின. பக்கத்துக் கட்டில்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். எனக்கு மட்டும் அது நல்ல வாசமாக இருந்தது.

சேட்டு எதற்கு என்று சலீம் கேட்டார். பால் நிற்கிற கதையை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று ராத்தா என்னிடம் கெஞ்சிக் கேட்டிருந்தார். எனக்குப் பொய் வராது. வந்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். சேட்டை மடிக்கத் தொடங்கினேன். சலீம் விளங்கிக்கொண்டார். பாரம் கட்டிய காலைப் பார்த்தார். அவருடைய கண் நிறைந்தது. நான் சேட்டைத் திரும்பவும் பைக்குள் திணித்தேன். பிறகு அவர் தலையை என் பக்கம் திருப்பிச் சொன்னார்: "அவட்ட கோவம் இல்லெண்டு சொல்லுங்க மிஸ். குந்தக்குள்ள வலது தோளைப் பெரியவள்ட வயித்தோட சாத்தச் சொல்லுங்க. நான் அப்பிடித்தான் குந்துற."

வேலியோரத்து விசாரணை

அடுத்த நாள் விடிய நான் கொட்டிலில் நின்றேன். ராத்தா தன் உடுப்புக்கு மேலே அந்தச் சேட்டைப் போட்டார். ஒரு கை கிழிந்து தொங்கியது. முக்காட்டுக்கு மேலே துவாயைத் தலைப்பாகையாகக் கட்டினார். பவுடர் இல்லை, சவர்க்காரம் இல்லை. குந்தி, வலது தோளைச் சாத்தி, பெரியவளின் மடியைத் தடவினார். எருமை தலையைத் திருப்பிச் சேட்டின் முதுகை மோந்தது. திரும்பவும் மோந்தது. பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டு, அசை போடத் தொடங்கியது. காம்புகள் என் கண்ணுக்கு முன்னால் புடைத்து வந்தன. வாளியின் அடியில் முதல் பீச்சு விழுந்த சத்தத்தைக் கேட்டு நான் சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டிவிட்டேன். ராத்தா "ஸ்ஸ்" என்று என்னை அடக்கினார். இளையவளும் பெரியவளைப் பார்த்து இறங்கி வந்தது.

அன்றிலிருந்து ராத்தா அந்தச் சேட்டைத் தோய்க்கவில்லை. பிள்ளைகள் பக்கத்தில் வரமாட்டோம் என்றன. அயல் பெண்கள் இரத்தக் கறையைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். ராத்தா ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்கு எடுக்கிற கோலில் "நல்லா இரிக்கி" என்று இப்போது உண்மையாகவே சொன்னார். பிறகு ஒரு நாள் எருமைகளின் நிலைமை பார்க்கத் தரகர் வந்திருக்கிறார். கொட்டிலில் முதுகு காட்டிக் குந்தியிருந்த உருவத்தைக் கண்டதும், வேலிக்கு வெளியே நின்றபடியே முகம் கறுத்துக் கேட்டாராம்: "சலீம் நானா, நீங்க எப்ப வந்த?"

வீடு வந்தவர்

சலீம் மெய்யாகவே வந்து சேர்ந்தபோது ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. அடுத்த நாள் பின்னேரம் என்னையும் வரச் சொன்னார்கள். ராத்தா தேத்தண்ணியும் வட்டிலப்பமும் வைத்திருந்தார். சலீம் ஊன்றுகோலோடு, வெள்ளைச் சேட்டும் ஆஸ்பத்திரி மருந்து வாடையுமாகக் கொட்டிலுக்குள் போனார். பெரியவள் கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது. சலீம் சிரித்தார். "அந்தச் சேட்டத் தாங்க" என்று வாங்கி மாட்டிக்கொண்டு, பலகைக் கட்டையில் இருந்து, காலை நீட்டி, வலது தோளைச் சாத்தினார். பழைய குரலில் எருமையோடு கதைத்தார். எருமை சேட்டை மோந்தது, அவரை மோந்தது, பிறகு கழுத்தை நீட்டி வாசல் பக்கம் பார்த்து நின்றது. மடியில் ஒரு துளி இறங்கவில்லை.

வாசலில் ராத்தா நின்றார். மீன் வெட்டிய கையோடு, தன் சொந்த உடுப்பில். பொறுக்க முடியாமல் வந்து பெரியவளின் விலாவில் கையை வைத்தார். வைத்ததுதான் தாமதம், சலீமின் விரலுக்குள் பால் இறங்கியது. எனக்கு விளங்கிவிட்டது. அந்தச் சேட்டிலிருந்த சலீமின் வாடை நாளாக நாளாக மங்கி, உள்ளே இருந்தவரின் வாடை ஏறியிருக்கிறது. எருமையின் உடம்பு கன்றிலிருந்து சலீமுக்கு மாறின மாதிரியே, சலீமிலிருந்து ராத்தாவுக்கு மாறிவிட்டது. இப்போது அதற்குச் சேட்டே தேவையில்லை.

சலீமின் கை நின்றுவிட்டது. அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பால் நிற்கக்கூடாது என்று ஒரு மாதம் கட்டிலில் கிடந்து துவா கேட்ட மனிதர். பால் நிற்கவில்லை. அவர்தான் வெளியே நிற்கிறார். "அப்ப இதுகளுக்கு நான் ஆரு மிஸ்?" என்று கேட்டார். உடம்பு பழகினதை இன்னொரு தரம் பழகும், ராத்தா கறக்கும்போது நாளும் பக்கத்தில் இருங்கள் என்று வைத்தியர் மாதிரிப் பதில் சொன்னேன். அது அவருக்குப் போதவில்லை. ராத்தா அவர் பக்கத்தில் சாக்கைப் போட்டுக் குந்தினார். காம்பை வாங்கினார். பால் வாளியில் விழத் தொடங்கிய பிறகு, அவரைப் பார்க்காமலே சொன்னார்: "ஒரு மாசம் உங்கட மணத்தோட நான் திரிஞ்ச. இனிக் கொஞ்ச நாளைக்கு என்ட மணத்தோட நீங்க திரிங்க."

என்னிடம் வருகிற எல்லோருமே குளித்து, வெளுத்து உடுத்து, பவுடர் பூசி, வீட்டு வாடையையெல்லாம் கழுவிவிட்டு வருகிறார்கள். மிருகத்துக்கு என்ன நடந்தது என்று எனக்குக் கெதியில் பிடிபடாததற்கு இதைவிட நல்ல சாட்டு இதுவரை கிடைக்கவில்லை.